பாட்டுக் கேட்டால் வேலை கிடைக்குமா?

"பாட்டுப் பாடினால் பசி தீருமா?" என்று பெரியவர்கள் கேலியாகக் கேட்பதுண்டு. வேலை இழந்த குடும்பங்களுக்காக ஒரு கலை நிகழ்ச்சி நடத்தப் போகிறோம் என்று பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டு அறிவித்தபோது, அதே கேள்வி எங்களையும் தேடி வந்தது. அதற்கு விடை தேடியபோது அறிந்துகொண்டவற்றை இங்கே தோழியருக்குச் சொல்ல விரும்புகிறோம்.

நிதி திரட்டும் கலை நிகழ்ச்சி என்றால் என்ன? கலைஞர் தம் சன்மானத்தை விட்டுக்கொடுக்கிறார். நுழைவுச்சீட்டாலும் நன்கொடையாலும் சேரும் தொகை, மண்டபம், ஒலிபெருக்கி முதலிய செலவுகள் போக, ஒரு நற்பணிக்குச் செல்கிறது. இது நம் நாட்டுக்குப் புதியதன்று. 1944இல் கஸ்தூரிபா அம்மையார் மறைந்தபின், அவருடைய நினைவு நிதிக்காக எம். எஸ். சுப்புலட்சுமி கச்சேரிகள் செய்தார். இவ்வாறு பாடியே பல நற்பணிகளுக்கு நிதி சேர்த்த அவருக்கு 1974இல் பொதுத்தொண்டுக்கான மகசேசே விருது கிடைத்தது.

உலகப் புகழ்பெற்ற நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. வங்காள அகதிகளின் துயரைக் கண்டு வருந்திய சிதார் மேதை ரவிசங்கர், தம் நண்பர் ஜார்ஜ் ஹாரிசனிடம் உதவி கேட்டார். 1971 ஆகஸ்டு 1 அன்று நியூயார்க்கில் ஒரே நாளில் இரண்டு காட்சிகள் நடந்தன. ஏறக்குறைய 40,000 பேர் கேட்டனர். நுழைவுச்சீட்டுப் பணம் யுனிசெப் நிறுவனத்துக்குச் சென்றது. ஆனால் பின்னர் இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் வந்த பெருந்தொகை, வரிச்சலுகைக்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்யாததால் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. நல்ல மனத்தோடு நல்ல கணக்கும் வேண்டும் என்பது இதிலிருந்து நாம் கற்கும் பாடம்.

ஆனால் வேலையின்மை என்னும் துன்பம் வேறு வகையானது. வெள்ளமும் போரும் ஊரறிய வருகின்றன. வேலையின்மையோ கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. வேலை போன பிறகும், அக்கம்பக்கத்தார் அறியாதிருக்க, சாப்பாட்டுப் பையுடன் காலையில் கிளம்பிச் செல்லும் தந்தையர் உண்டு. ஆகவே இங்கே பணத்துக்கு முன்பே வேண்டியது, வெட்கமின்றிப் பேசும் துணிவு.

இதை இங்கிலாந்தின் இளைஞர்கள் செய்து காட்டினர். பர்மிங்காமில் தோன்றிய ஓர் இசைக்குழு, வேலையற்றோர் உதவித்தொகைப் படிவத்தின் எண்ணையே தன் பெயராக்கி 'யூபி 40' என்று வைத்துக்கொண்டது. மறைக்க வேண்டிய தாள் மேடைப் பெயராயிற்று! 1982இன் தொடக்கத்தில் பிரிட்டனில் வேலையற்றோர் தொகை 30 இலட்சத்தைக் கடந்திருந்தது. 1984 ஜூன் 10 அன்று இலண்டன் பெருநகர மன்றம், வேலையின்மையைப் பற்றி மக்களைச் சிந்திக்கச் செய்ய, தேம்ஸ் கரையில் கட்டணமில்லா இசைவிழா நடத்தியது. அதனால் வேலையின்மை உடனே ஓடிவிடவில்லை. ஆயினும் "இது என் குற்றம் மட்டுமன்று" என்று பல்லாயிரவர் ஒன்றாக நின்று உணர முடிந்தது.

நம் மாவட்டத்துக்கு வருவோம். மறைமலைநகரில் இயங்கிய போர்டு கார் தொழிற்சாலை, 2021 செப்டம்பரில் வந்த அறிவிப்பின்படி 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. அதை மீண்டும் இயக்கும் எண்ணத்தை நிறுவனம் 2024இல் தெரிவித்தது. மாமல்லபுரத்திலோ 2020 மார்ச்சில் கொரோனாவால் நினைவுச் சின்னங்கள் மூடப்பட்டுப் பல மாதங்கள் பயணிகளே வரவில்லை. அப்போது உளிச்சத்தம் ஓய்ந்திருந்ததை அங்கிருந்து வரும் எங்கள் தோழியர் இன்றும் நினைவுகூர்கின்றனர். அங்கே 1992இல் தொடங்கிய நாட்டிய விழா ஓர் உண்மையை நமக்குச் சொல்கிறது. விழா நடந்தால் ஆடுபவருக்கு மட்டுமா வேலை? பந்தல்காரர், மின்விளக்குக்காரர், சங்கு மாலை விற்பவர், சுண்டல் விற்கும் சிறுவனின் தாய் என எத்தனை பேருக்கு அன்று அடுப்பெரிகிறது!

இந்த உண்மையை எங்களுக்கு நேரில் உணர்த்தியவள் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி. அவள் தந்தை வேலை பார்த்த சிறு பட்டறை மூடப்பட்டுவிட்டது. நிகழ்ச்சியின் முடிவில் அவளை மேடைக்கு அழைத்து உதவித்தொகை தரலாம் என்று திட்டமிட்டோம். அவள் தலைகுனிந்து, "சிஸ்டர், உதவி வேண்டாம் என்று சொல்லவில்லை. மேடைதான் வேண்டாம். அப்பாவுக்கு வெல்டிங் தெரியும். மேடைக்கு இரும்புச் சட்டம் அவரே செய்து தருவார். அதற்குக் கூலி கொடுத்தால் போதும்" என்றாள். எங்களுக்குச் சுருக்கென்றது. உதவி செய்யும் ஆவலில், உதவி பெறுபவரின் முகத்தை நாங்கள் பார்க்கவேயில்லை!

அவ்வாறே செய்தோம். பெயர்களை அறிவிக்காமல் தொகையைக் குடும்பங்களுக்குச் சேர்ப்பித்து, வரவு செலவுக் கணக்கை மட்டும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். தோழியின் தந்தைக்குக் கிடைத்தது இரண்டு நாள் கூலி. மூன்றாம் நாள் அவர் மீண்டும் வேலை தேடிப் புறப்பட்டார். ஒரு மாலைப் பாட்டின் எல்லை அவ்வளவுதான். ஆனால் அன்று பார்வையாளராக வந்திருந்த பெற்றோர் சிலர், "அந்தச் சட்டம் செய்தவர் யார்?" என்று விசாரித்துச் சென்றனர்.

தோழியரே, பொதுத்தேர்வில் தேறியதும் நாமும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்வோம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிப்போம். பத்தாம் வகுப்புத் தேறிப் பதிவு செய்து, ஐந்து ஆண்டுகள் காத்திருந்தும் வேலை கிடைக்காதவருக்கு, குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்டு அரசு தரும் உதவித்தொகை மாதம் 300 ரூபாய். எனவே இது பிறர் கதையன்று. நாளை நம் கதையாகவும் இருக்கலாம்.

பாட்டு வேலை தராது. ஆனால் வேலையற்றவரை நிமிர்ந்து நிற்கச் செய்யலாம்; வேலை தரக்கூடியவரின் காதைத் திறக்கலாம். இனி மேடை அமைக்கும்போது, பாடுபவர் யார் என்பதோடு, அந்த மேடையைக் கட்டும் வேலையை யாருக்குத் தரலாம் என்பதையும் எண்ணிப் பார்ப்போமாக!