மூடியைப் பார், மையத்தைப் பார்

பழைய அமெரிக்க பிக்கப் ஒன்றின் முகப்பில் ஃபோர்டு என்றோ செவர்லே என்றோ எழுதியிருக்கும். பின் சக்கரங்களுக்கு நடுவே கிடக்கும் ஆக்ஸில் யார் செய்தது, எந்த அளவு என்பது வேறு கேள்வி. நாற்பது ஐம்பது ஆண்டு உழைத்த வண்டி. பழையது முறிந்தபோது, உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய இன்னொன்றை யாராவது மாட்டியிருக்கலாம். அதனால் கதவோரத்தில் ஒட்டிய விவரச் சீட்டை மட்டும் நம்பி ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் பல்சக்கரங்களை வாங்கக் கூடாது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட வேண்டும்.

முதல் கேள்வி: ஆக்ஸிலின் நடுவே உப்பியிருக்கும் பகுதிக்குப் பின்புறம் கழற்றக்கூடிய மூடி இருக்கிறதா? மூடியே இல்லாமல் வழவழவென்று உருண்டிருந்தால், பல்சக்கரங்கள் மொத்தமாக முன்பக்கம் கழன்று வரும் வகை அது. 1957 முதல் 1986 வரை வந்த ஃபோர்டு 9 அங்குல ஆக்ஸில் இந்த வகைதான். கிறைஸ்லரின் 8¾ அங்குலமும் அப்படியே. அங்குலக் கணக்கு கிரவுன் சக்கரத்தின் விட்டத்தைக் குறிக்கிறது. பல்சக்கரத் தொகுதியை மேசைமேல் வைத்துப் பொறுமையாகச் சரிசெய்யலாம் என்பதால் பந்தயக்காரர்களுக்கு இன்றும் ஃபோர்டு 9 அங்குலத்தின் மேல் தனிப் பிரியம்.

மூடி இருந்தால் எல்லோரும் போல்ட்டுகளை எண்ணுவார்கள். 10 போல்ட், 12 போல்ட், 14 போல்ட் என்று வழக்குப் பெயரே அப்படித்தான். ஆனால் எண்ணிக்கை பாதி விடைதான். ஜெனரல் மோட்டார்ஸின் 8½ அங்குலம், ஃபோர்டின் 8.8, டானா நிறுவனத்தின் டானா 44, டானா 60 எல்லாவற்றிலும் பத்து போல்ட்தான். டானா 44-இன் கிரவுன் 8½ அங்குலம், டானா 60-இல் 9¾. தாங்கும் சுமையில் இரண்டுக்கும் வெகுதூரம். ஆகவே மூடியின் வடிவத்தைப் பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் மூடி ஏறக்குறைய வட்டம். டானாவுடையது கோணலான அறுகோணம். கம்பித் தூரிகையால் துருவையும் கிரீஸ் பிசுக்கையும் தேய்த்தெடுத்தால், டானா வார்ப்பில் 44, 60 என்ற எண் பெரும்பாலும் புடைத்துத் தெரியும்.

அடுத்து சக்கரத்தின் மையம். இதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். மையத்தில் ஹப் வெளியே நீண்டு, அதன் முகத்தில் வட்டமாகச் சிறு போல்ட்டுகள் இருந்தால் அது ஃபுல் ஃப்ளோட்டிங். வண்டியின் எடையை ஹவுசிங்கே தாங்கும். உள்ளே இருக்கும் ஷாஃப்ட்டுக்குச் சுழற்றும் வேலை மட்டும். சக்கரத்தைக் கழற்றாமலே ஷாஃப்ட்டை உருவலாம், அது முறிந்தாலும் சக்கரம் நிற்கும். செமி ஃப்ளோட்டிங்கில் ஷாஃப்ட்டே எடையையும் சுமக்கிறது. அவற்றில் பலவற்றில் ஷாஃப்ட்டை உள்ளே பிடித்திருப்பது சி வடிவச் சிறு கிளிப். ஷாஃப்ட் முறிந்தால் சக்கரமே வெளியே வந்துவிடக்கூடும். ஜெனரல் மோட்டார்ஸின் 14 போல்ட் இரண்டு விதமாகவும் உண்டு: 10½ அங்குலம் ஃபுல் ஃப்ளோட்டிங், 9½ அங்குலம் செமி. பாரம் இழுக்க வண்டி தேடுகிறவர் ‘14 போல்ட்’ என்ற பேச்சோடு நின்றுவிடாமல் ஹப்பையும் பார்க்க வேண்டும்.

இனி பல்சக்கர விகிதம், அதாவது கிரவுன் ஒரு சுற்று சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது. தரையில் நிற்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அதைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றினால் கிரவுன் ஒரு சுற்று சுற்றும். அதற்குள் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஏறக்குறைய மூன்றே முக்கால் சுற்று சுற்றினால் விகிதம் 3.73 ஆக இருக்கலாம். சக்கரம் சுற்ற மறுத்து இறுகினால், உள்ளே ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும், உராய்வுத் தட்டுள்ள லிமிடெட் ஸ்லிப் இருக்க வாய்ப்பு அதிகம். ஃபோர்டில் போல்ட்டோடு மாட்டிய தகரச் சீட்டில் 3L50 என்று இருந்தால் விகிதம் 3.50, நடுவிலுள்ள L லிமிடெட் ஸ்லிப்புக்கு அடையாளம். ஆனால் பல்சக்கரத்தை மாற்றியவர் பழைய சீட்டையே திரும்ப மாட்டியிருக்கலாம். சந்தேகம் தீராவிட்டால் ஆயிலை வடித்து மூடியைத் திறந்து பற்களை எண்ணுங்கள். கிரவுனில் 41, பினியனில் 11 இருந்தால் 3.73, 41-க்கு 10 என்றால் 4.10.