பீர்கஞ்ச் வரை நீளும் கடல்

சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஒரு தொழிற்சாலை. காத்மாண்டு வியாபாரி ஒருவர் கேட்ட தையல் இயந்திரங்கள் அங்கே 40 அடி கன்டெய்னரில் ஏறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். சீனாவுக்கும் நேபாளத்துக்கும் பொது எல்லை உண்டு. இமயமலையைத் தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் நேபாளம்தான். இருந்தும் இப்படிப்பட்ட ஏராளமான பெட்டிகள் மலைப்பக்கம் திரும்புவதே இல்லை. தென்சீனக் கடலில் இறங்கி, மலாக்கா நீரிணை வழியாக வளைந்து, வங்காள விரிகுடாவைக் கடந்து, கொல்கத்தாவில் கரையேறி, பீகாரின் வயல்வெளிகளைத் தாண்டி, பீர்கஞ்ச் என்னும் தெற்கு வாசல் வழியாகத்தான் நேபாளத்துக்குள் நுழைகின்றன.

மலைவழியும் இருக்கிறது. ஆனால் அது எப்போது திறந்திருக்கும் என்பதை மலைதான் முடிவு செய்கிறது. 2015 நிலநடுக்கத்தில் சேதமான தாதோபானி எல்லைச் சாவடி 2019 வரை மூடியே கிடந்தது. 2025 ஜூலையில் வந்த வெள்ளம் ரசுவாகடியில் இரு நாடுகளையும் இணைத்த பாலத்தையே அடித்துச் சென்றது. வழி திறந்திருக்கும் நாளிலும் லாரி தன் சுமையை ஒவ்வொரு மீட்டராக மேலே தூக்கிச் செல்ல வேண்டும். கப்பலின் சுமையையோ தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. ஒரே எஞ்சின் ஆயிரக்கணக்கான பெட்டிகளை நகர்த்திவிடும்.

இந்த வித்தியாசத்தை நூனோ லிமாவோ, ஆன்டனி வெனபிள்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 2001-ல் வெளியிட்ட ஆய்வில் எண்ணாகவே காட்டினார்கள். அமெரிக்காவின் பால்டிமோரிலிருந்து உலகின் பல நகரங்களுக்கு ஒரு 40 அடி கன்டெய்னரை அனுப்ப எவ்வளவு ஆகிறது என்று பார்த்தார்கள். கடலில் 1,000 கிலோமீட்டர் கூடினால் செலவு 190 டாலர் கூடியது. தரையில் அதே 1,000 கிலோமீட்டர் கூடினால் 1,380 டாலர் கூடியது. ஏழு மடங்குக்கும் மேல்.

இந்த ஏழு மடங்கை முழுக்க டீசலும் டயரும் தின்றுவிடுவதில்லை. நடுக்கடலில் செல்லும் கப்பலை யாரும் நிறுத்தி, உள்ளே இருப்பது எந்த நாட்டுச் சரக்கு என்று கேட்பதில்லை. அடுத்தவர் நிலத்தில் கால் வைத்ததும் அந்தக் கேள்வி தொடங்கிவிடுகிறது. பதில் சொல்ல ஆவணம் வேண்டும், பூட்டு வேண்டும், ஈட்டுறுதி வேண்டும். கடற்கரையே இல்லாத 44 நாடுகளும் இந்தக் கேள்விக்குத் தினமும் பதில் சொல்லியே பிழைக்கின்றன. உஸ்பெகிஸ்தான், லிக்டன்ஸ்டைன் இரண்டின் அண்டை நாடுகளுக்கும்கூடக் கடல் கிடையாது. அவற்றின் சரக்கு கடலைத் தொடக் குறைந்தது இரண்டு நாடுகளைத் தாண்டியாக வேண்டும்.

நம் பெட்டியோடு போவோம். பெரிய கன்டெய்னர் கப்பல்கள் முழுச் சுமையோடு வரும்போது 15 மீட்டருக்கு மேல் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும். அவற்றால் கொல்கத்தாவை எட்டிக்கூடப் பார்க்க முடியாது. சிங்கப்பூரிலோ கொழும்பிலோ பெட்டிகளை இறக்கிவிட்டுப் போய்விடும். சின்ன ஃபீடர் கப்பல்கள் அவற்றை எடுத்துக்கொண்டு கொல்கத்தாவின் ஹூக்ளி ஆற்றுக்கு வரும். கொழும்புத் துறைமுகத்தில் அடுக்கியிருக்கும் பெட்டிகளில் பெரும்பங்கு இலங்கைக்கு உரியதே அல்ல. இப்படி வேறெங்கோ போவதற்காகக் கப்பல் மாறும் சரக்குதான் அங்கே அதிகம்.

கொல்கத்தா ஆற்றுத் துறைமுகம். முகத்துவாரத்துக்கு வெளியே, ஆற்றின் வழி தெரிந்த பைலட் ஒருவர் கப்பலில் ஏறிக்கொள்கிறார். அங்கிருந்து துறைமுகம் வரை 200 கிலோமீட்டருக்கு மேல் அவருடைய கண்காணிப்பில்தான் கப்பல் வரும். உலகின் மிக நீண்ட பைலட் வழிகளில் இது ஒன்று. மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், போன மாதம் ஆழமாக இருந்த இடம் இந்த மாதம் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. 1694-ல் இங்கே மூழ்கிய ‘ராயல் ஜேம்ஸ் அண்ட் மேரி’ என்ற கப்பலின் பெயர் ஒரு திட்டுக்கே நிலைத்துவிட்டது. கடல் ஏற்றத்துக்குக் காத்திருந்து, நீர் உயர்ந்ததும் அதோடு சேர்ந்து மேலேறி, நீர்மட்டத்தைத் தக்கவைக்கும் லாக் கேட்டுக்குள் நுழைந்த பிறகுதான் கப்பல் நிம்மதியாக நிற்கும்.

இந்த ஆற்றில் ஏற்றம் வேகமாக வரும், வற்றம் மெல்லப் போகும். வேகமாக உள்ளே வரும் நீர் வண்டலையும் சுமந்து வருகிறது. மெல்லத் திரும்பும் நீரால் அதை முழுக்க வெளியே கொண்டுபோக முடிவதில்லை. மேலிருந்து நன்னீர் வலுவாக வந்து தள்ளினால்தான் ஆறு ஆழமாக இருக்கும். கங்கையின் பிரதான ஓட்டமோ நூற்றாண்டுகளுக்கு முன்பே கிழக்கே பத்மா ஆற்றின் பக்கம் போய்விட்டது. அதனால்தான் கங்கையின் குறுக்கே ஃபராக்காவில் தடுப்பணை கட்டினார்கள். 1975 முதல் சுமார் 38 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வழியாகக் கங்கை நீர் ஹூக்ளிக்குத் திருப்பப்படுகிறது. விநாடிக்கு 40,000 கன அடி என்பது திட்டம். எதிர்பார்த்த ஆழம் வரவில்லை, தூர்வாரல் இன்றும் நிற்கவில்லை. கீழே வங்கதேசத்துக்குப் போகும் நீர் குறைந்ததில் பல ஆண்டுப் பிணக்கு மூண்டு, 1996-ல் ஓர் ஒப்பந்தம் வந்தது.

இங்கே என்னை எப்போதும் நிறுத்திவைக்கும் விஷயம் ஒன்று உண்டு. கோசி, கண்டகி, கர்னாலி ஆகிய நேபாளத்தின் மூன்று பேராறுகளும் ஃபராக்காவுக்கு மேலேயே கங்கையில் கலந்துவிடுகின்றன. வண்டல் சுமப்பதில் கோசிக்கு இணையான ஆறுகள் உலகில் குறைவு. நேபாள மலைகள் கரைந்து வரும் மண், நேபாளத்தின் சரக்கு வரும் வழியைத் தூர்க்கிறது. அந்த மண்ணைத் தள்ள அனுப்பும் நீரிலும் நேபாளத்து நீர் இருக்கிறது. கடற்கரை இல்லாத நாடு என்று நாம் சொல்கிறோம். ஆனால் அந்த நாட்டின் மண் வங்காள விரிகுடாவில் கரையை வளர்த்துக்கொண்டேதான் இருக்கிறது.

பெட்டி கொல்கத்தாவில் இறங்கிவிட்டது. பீர்கஞ்ச் அங்கிருந்து சுமார் 700 கிலோமீட்டர். அந்த 700 கிலோமீட்டரும் பெட்டி இந்திய மண்ணில்தான் ஓடுகிறது. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது இந்தியாவுக்குள் இறக்குமதியாகவே இல்லை, ஆகவே இந்திய வரியும் கிடையாது. 1921-ல் பார்சிலோனாவில் கையெழுத்தான உடன்படிக்கையில் உருப்பெற்ற கருத்து இது. ஐ.நா.வின் 1982 கடல் சட்ட உடன்படிக்கை இன்னும் தெளிவாகச் சொல்கிறது: நிலம்சூழ் நாடுகளுக்குக் கடலை அடையும் உரிமை உண்டு, கடந்துபோகும் சரக்கின் மீது சுங்க வரி போடக் கூடாது, செய்து கொடுத்த சேவைக்கு மட்டும் கட்டணம் வாங்கலாம். ஆனால் அதே உடன்படிக்கை, எந்த வழியில், எந்த நிபந்தனையில் என்பதைச் சம்பந்தப்பட்ட நாடுகள் பேசி முடிவு செய்யட்டும் என்றும் விட்டுவிடுகிறது. உரிமை உலகச் சட்டத்தில் இருக்கிறது, சாவி அண்டை நாட்டின் கையில் இருக்கிறது.

அண்டை நாட்டின் கவலையும் நியாயமானதே. வரி கட்டாத சரக்கு வழியில் எங்கோ ஓரிடத்தில் இறங்கி உள்ளூர்க் கடைக்குப் போய்விட்டால் யார் பொறுப்பு? இதற்காகத்தான் நேபாள இறக்குமதியாளரின் கிளியரிங் ஏஜென்ட் கொல்கத்தா சுங்கத்தில் கடப்பு அறிவிப்பு தாக்கல் செய்வார். அதிகாரி பெட்டியின் எண்ணையும் பூட்டு முத்திரையையும் (சீல்) ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். எளிதில் கடத்தப்படக்கூடிய பொருளானால் வரித்தொகைக்கு ஈடான காப்பீடு கேட்பார். எல்லையில் மறுபடி சரிபார்ப்பு நடக்கும். சரக்கு வெளியேறியதற்கு அத்தாட்சியான நகல் கொல்கத்தாவுக்குத் திரும்பி வந்தால்தான் கணக்கு முடியும்.

ஒப்பிடுவது என்றேன். அந்த வேலையின் கருவி கன்டெய்னரின் கதவிலேயே எழுதியிருக்கிறது: நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டத்துக்குள் ஒற்றை இலக்கம். அந்தக் கட்ட எண், முன்னால் உள்ள பத்துக்கும் காவல். ஒவ்வோர் எழுத்துக்கும் 10 முதல் 38 வரை ஒரு மதிப்பு உண்டு. 11, 22, 33 மட்டும் கிடையாது. முதல் இடத்தை 1-ஆல், இரண்டாவதை 2-ஆல், மூன்றாவதை 4-ஆல் என இரட்டித்துக்கொண்டே போய், பத்தாவதை 512-ஆல் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 11-ஆல் வகுக்க வேண்டும். மீதிதான் கட்ட எண். மீதி 10 வந்தால் 0 என்று எழுதுவார்கள். சி.எஸ்.கியூ.யூ. 305438 என்ற எண்ணை எடுத்தால் கூட்டுத்தொகை 6,185, மீதி 3. யாராவது அவசரத்தில் 54-ஐ 45 என்று மாற்றி, 304538 எனத் தட்டச்சு செய்துவிட்டால் கூட்டுத்தொகை 6,249 ஆகி, மீதி 1 ஆகிவிடும். கணினி அங்கேயே மறித்துவிடும். கப்பல் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் இப்படி ஓர் இலக்கம் பிசகினால், திருத்தம் வரும்வரை பெட்டி நகராது. யார்டில் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்.

2019-ல் இந்த வழியில் மின்னணு சீல் வந்தது. இது செயற்கைக்கோள் வழியாகத் தன் இடத்தை அறிந்து, செல்பேசி வலையமைப்பு வழியாகச் சொல்லிக்கொண்டே போகும் பூட்டு. வழியில் யாரேனும் திறக்க முயன்றாலும், வண்டி பாதை மாறினாலும் எச்சரிக்கை போய்விடும். பூட்டை விட முக்கியமான மாற்றம் ஒன்றும் கூடவே வந்தது. இந்த முறையில் வரும் சரக்குக்குப் பீர்கஞ்ச் வரை கப்பல் நிறுவனமே பொறுப்பு. இறக்குமதியாளர் கொல்கத்தாவில் ஆள் வைத்து அறிவிப்பு தாக்கல் செய்ய வேண்டியதில்லை. காகிதம் சுமந்த நம்பிக்கையைக் கருவி சுமக்கத் தொடங்கியது. இன்னொரு துறைமுகமான விசாகப்பட்டினம் பீர்கஞ்சிலிருந்து ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர், கொல்கத்தாவைப் போல் இரு மடங்கு தூரம். ஆழமான துறைமுகம், நேரடி ரயில் என்பதால் நேபாளச் சரக்கு அங்கேயும் இறங்குகிறது. எது அருகே என்பதைக் காட்டிலும் எது தடங்கலில்லாதது என்றுதான் வியாபாரி பார்க்கிறார்.

இந்திய எல்லை ஊரான ரக்சௌல் தாண்டியதும் பீர்கஞ்ச். அங்குள்ள சிர்சியா உலர்துறைமுகம் என்ற உள்நாட்டுக் கன்டெய்னர் முனையத்துக்குள் இந்திய ரயில் நேராகவே நுழைந்துவிடும். 2004 முதல் இயங்கும் இந்த இடத்தில்தான் பெட்டி முதன்முறையாக ‘இறக்குமதி’ ஆகிறது.

இனி நேபாளச் சுங்கத்தின் கேள்விகள். முதல் கேள்வி, இது என்ன பொருள்? 1988 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள பொதுக் குறியீட்டு முறையில் உலகின் எல்லாப் பொருளுக்கும் ஆறு இலக்க எண் உண்டு. 97 அத்தியாயங்கள், அதில் 77-வது மட்டும் எதிர்காலத்துக்காகக் காலியாக விடப்பட்டிருக்கிறது. தையல் இயந்திரம் 8452. வீட்டு உபயோக இயந்திரத்துக்கு 8452.10, ஊசிக்கு 8452.30, இயந்திரம் வைக்கும் மேசைக்கும் உதிரிபாகத்துக்கும் 8452.90. ஒரே பெட்டிக்குள் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனி வரி. அறிவிப்பு கணினியில் ஏறியதும், ஐ.நா. வர்த்தக அமைப்பு உருவாக்கிய அசிகுடா என்ற மென்பொருள் அதை எடைபோட்டு நிறம் கொடுக்கும். பச்சை என்றால் போகலாம், மஞ்சள் என்றால் ஆவணச் சோதனை, சிவப்பு என்றால் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள்.

இரண்டாவது கேள்வி, என்ன மதிப்பு? இங்கேதான் யாரும் பேசாத ஒரு பாரம் இருக்கிறது. நேபாளம் சரக்கின் விலையோடு காப்பீட்டையும், எல்லை வரை ஆன போக்குவரத்துச் செலவையும் கூட்டித்தான் வரி போடுகிறது. கணக்குக்காக இயந்திரம் 100 ரூபாய், சுங்க வரி 10 சதவீதம் என்று வைப்போம். அதன்மேல் நேபாளத்தின் மதிப்புக் கூட்டு வரி 13 சதவீதம். போக்குவரத்து 10 ரூபாய் என்றால் மொத்தம் 136.73. அதுவே 20 ரூபாயானால் 149.16. கூடுதலாகச் செலவானது 10 ரூபாய், விலையில் ஏறியதோ 12.43. தூரத்துக்குப் பட்ட செலவுக்கும் வரி கட்ட வேண்டியிருக்கிறது. போக்குவரத்தைச் சேர்ப்பதா விடுவதா என்பதை உலக வர்த்தக அமைப்பின் விதி அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. நிலம்சூழ் நாடுகள் இதை ஒருமுறை மறுபடி யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இவை எல்லாம் கணக்கில் வரும் செலவு. கணக்கில் வராதது நிச்சயமின்மை. எப்போதும் 20 நாள் ஆகும் என்று தெரிந்தால் வியாபாரி அதற்கேற்பத் திட்டமிடுவார். சிலசமயம் 12, சிலசமயம் 40 என்றால் கிடங்கில் எப்போதும் கூடுதல் இருப்பு வைத்தாக வேண்டும், அதற்கு வட்டியும் கட்ட வேண்டும். நிலம்சூழ் நாடுகளின் உண்மையான சுமை இதுவே என்று உலக வங்கி 2010-ல் வெளியிட்ட ஆய்வு நூல் ஒன்றும் வாதிட்டது. நேபாளத்தின் அனுபவம் இதைவிடக் கடுமையானது. 1989 மார்ச்சில் இந்தியாவுடனான வர்த்தக, கடப்பு ஒப்பந்தங்கள் காலாவதியாகி, எல்லைச் சாவடிகளில் இரண்டைத் தவிர மற்றவை மூடப்பட்டன. 2015 செப்டம்பரில் புதிய அரசியலமைப்பு வந்த கையோடு எல்லையில் சரக்கு நின்றது. காரணம் எல்லைப் பகுதிப் போராட்டம்தான் என்றது இந்தியா, மறைமுகத் தடை என்றது நேபாளம். ஐந்து மாதம் போல அடுப்பெரிக்க எரிவாயுவும் வண்டிக்கு எண்ணெயும் இன்றி அந்நாட்டு மக்கள் பட்ட பாடு, நிலநடுக்கம் நடந்த அதே ஆண்டில் வந்தது என்பதை மறக்கக் கூடாது. அதன் பிறகு நேபாளம் சீனாவோடு ஒப்பந்தம் செய்து, தியான்ஜின் உள்ளிட்ட நான்கு துறைமுகங்களைப் பயன்படுத்தும் உரிமை பெற்றது. ஆனால் தியான்ஜின் 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பெட்ரோலியத்துக்கு மட்டும் வேறொரு விடை கிடைத்தது: மோதிஹாரியிலிருந்து அம்லேக்கஞ்ச் வரை 69 கிலோமீட்டர் குழாய், 2019 முதல்.

வரி கட்டியாயிற்று, சரக்கு லாரிக்கு மாறி மலையேறிவிட்டது. பெட்டி மட்டும் மிச்சம். அது கப்பல் நிறுவனத்தின் சொத்து, குறித்த நாளுக்குள் துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாள் கணக்கில் டிடென்ஷன் கட்டணம். நேபாளத்தின் இறக்குமதி அதன் ஏற்றுமதியைப் போலப் பல மடங்கு. கம்பளமும் தேயிலையும் எல்லாப் பெட்டிகளையும் நிரப்பப் போதாது. பெரும்பாலானவை காலியாகவே ரயிலேறுகின்றன. வந்த வாடகையோடு திரும்பும் வாடகையையும் சேர்த்தே இறக்குமதியாளர் கொடுக்கிறார்.