கெர்னலும் இயக்கிப் பொதியும்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே முன்னாளில் மீட்டர் பாதை இருந்தது. அதன் அகலம் 1000 மில்லிமீட்டர். இன்றுள்ள அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். மீட்டர் பாதைக்கெனச் செய்த பெட்டி, எத்துணைப் பழுதற்றதாயினும், அகலப் பாதையில் ஓடாது. லினக்ஸ் கெர்னலுக்கும் இயக்கி நிரலுக்கும் உள்ள உறவும் இத்தகையதே.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் கரு. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கெர்னலின் மூலநிரலை எவரும் பெறலாம். வேண்டாதவற்றை நீக்கித் தம் கணினிக்கேற்ப மீண்டும் தொகுத்துக்கொள்ளலாம். அருகலை, அச்சுப்பொறி முதலிய கருவிகளைக் கெர்னலோடு இணைப்பவை இயக்கிகள். அவற்றுட் பல, வேண்டும்போது ஏற்றத்தக்க தனிக் கூறுகளாக அமைகின்றன.

இங்குதான் சிக்கல் பிறக்கிறது. தொகுக்கும்போது ஒரு தெரிவு மாறினாலும் கெர்னலின் உள்ளமைப்பு மாறக்கூடும். பழைய கூறு, தரவு இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்தால் கணினியே நின்றுவிடும். ஆதலால் கெர்னல், கூறில் பொறிக்கப்பட்ட பதிப்புக் குறியை ஒப்பிட்டு, பொருந்தாவிடின் ஏற்க மறுக்கிறது. இம்மறுப்பு பயனருக்கு எரிச்சலூட்டினும் பாதுகாப்பானதே.

தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் மாணவர்களுக்கு இது அயலான செய்தியன்று. அக்கணினிகள் பலவற்றில் பாஸ் லினக்ஸ் இடம்பெற்றது. சென்னை சிடாக் நிறுவனம் உருவாக்கிய அவ்வியங்குதளம், 1993இல் தோன்றிய டெபியனை அடிப்படையாகக் கொண்டது. டெபியனில் மென்பொருள்கள் பொதிகளாக வழங்கப்படுகின்றன. தாமே தொகுத்த கெர்னலையும் பொதியாக்க உதவும் கருவியை மனோஜ் ஸ்ரீவாஸ்தவா ஆக்கினார்.

கெர்னலைப் பொதியாக்குவது எளிது. அதனோடு வராத இயக்கியை என் செய்வது? தொகுத்து முடித்த கூறினைப் பொதிந்து தந்தால், அது ஒரே கெர்னலுக்கு மட்டும் பயன்படும். எனவே மூலநிரலையும் தொகுக்கும் முறையையும் பொதிக்குள் வைத்து அனுப்புவர். டெல் நிறுவனம் 2003இல் வெளியிட்ட டிகேஎம்எஸ் என்னும் அமைப்பு இம்முறையில் இயங்குகிறது. புதிய கெர்னல் நிறுவப்படும்போதெல்லாம், அப்பயனரின் கணினியிலேயே, அக்கெர்னலுக்கேற்ற கூறினை அது தொகுத்துக்கொள்கிறது. பெட்டியை அனுப்பாமல், அதன் வரைபடத்தை அனுப்பி, அந்தந்த ஊர்ப் பணிமனையில் செய்துகொள்வதை ஒத்தது இது.

பணிமனைக்குக் கருவி வேண்டும். நிரல்தொகுப்பியும், அக்கெர்னலின் தலைப்புக் கோப்புகளும் கணினியில் இல்லையெனில் தொகுப்பு நிகழாது. கெர்னலைத் தாமே தொகுப்போர் பெரும்பாலும் மறப்பது இத்தலைப்புக் கோப்புகளையே. கணினியை மீண்டும் தொடக்கிய பின்னரே அருகலை இயங்கவில்லை என்பது தெரியவரும். விடுபட்ட கோப்பைப் பதிவிறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு அந்த இயக்கியே வேண்டும்! இதனால் பழைய கெர்னலை நீக்காமல் வைத்திருப்பர். தொடக்கப் பட்டியலில் அதனைத் தெரிவு செய்து நுழைந்து, விடுபட்டதை நிறுவலாம்.

மூலநிரல் மறைக்கப்பட்ட இயக்கிக்கு இவ்வழி முழுமையாகக் கிட்டாது. அதனைச் செய்த நிறுவனம் புதிய கெர்னலுக்கேற்ப மாற்றித் தராவிடின், பழுதற்ற கருவியும் பயனற்றுப்போகும். விழுப்புரத்தில் இயங்கும் குனு லினக்ஸ் பயனர் குழு போன்றவை, மூலநிரல் திறந்திருக்க வேண்டும் என வலியுறுத்துவதன் நடைமுறைப் பொருள்களுள் இதுவும் ஒன்று.