ராக்கெட் தள்ளிப்போகலாம்... உங்க பட்ஜெட் தாங்குமா?



2020 மே 28, நள்ளிரவு தாண்டி 1.46 மணி. லாக்டவுன் நேரம். வீட்டில் எல்லோரும் தூங்கியாச்சு. நான் மட்டும் ஹாலில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கேன். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட், முதல்முறையாக இரண்டு மனிதர்களை ஏற்றிக்கொண்டு புளோரிடாவில் தயாராக நிற்கிறது. நம்ம நேரப்படி 2.03-க்குக் கிளம்பணும். சுமார் 17 நிமிடம் பாக்கி இருக்கும்போது அறிவிப்பு வருது: இன்று கிடையாது. மின்னல் அபாயம்.

தண்ணி குடிக்க எழுந்த அம்மா கேட்டாங்க, "என்னடா, கிளம்பலையா?"

"இல்லம்மா, மூணு நாள் தள்ளிட்டாங்க."

"அவ்வளவு பெரிய கம்பெனியே தேதியைத் தள்ளுது. உன் ஆபீஸ் மட்டும் சொன்ன தேதிக்குச் சம்பளத்தைச் சரி பண்ணிடுமா?"

அம்மா சும்மா கேட்கல. அந்த ஏப்ரலில் நான் வேலை பார்த்த இடத்தில் சம்பளத்தை 30 சதவீதம் குறைச்சிருந்தாங்க. "ஜூலையிலிருந்து பழைய சம்பளம்" என்று மெயில் வந்திருந்தது. நானும் அதை நம்பி, கிரெடிட் கார்டில் 80,000 ரூபாய் பாக்கியை வைத்துக்கொண்டு, மினிமம் டியூ மட்டும் கட்டிக்கொண்டிருந்தேன். ஜூலை வந்தா மொத்தமா அடைச்சிடலாம்னு கணக்கு.

ராக்கெட் மூணு நாளில் கிளம்பிடுச்சு. என் பழைய சம்பளம் அடுத்த வருஷம் ஏப்ரலில்தான் வந்தது. ஒன்பது மாதத் தாமதம். மாதம் 3.5 சதவீத வட்டியில் 80,000-க்கு மாதம் 2,800 ரூபாய். ஒன்பது மாதத்துக்கு 25,200. அதுக்கு மேல ஜிஎஸ்டி. ஊருக்கெல்லாம் கணக்குப் பார்க்கிற ஆடிட்டருக்கே இந்த நிலைமை!

அதுக்கப்புறம்தான், பொழுதுபோக்காகப் பார்த்துக்கொண்டிருந்த ராக்கெட் தாமதங்களைக் கொஞ்சம் பாடமாகவும் பார்க்க ஆரம்பிச்சேன். அதைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன்.

"நெட்" என்ற மூன்றெழுத்து

ராக்கெட் அட்டவணையைத் தொடர்ந்து பார்க்கிறவங்களுக்கு முதல் நாளே அறிமுகமாகும் வார்த்தை "நெட்". "நோ எர்லியர் தேன்" என்பதன் சுருக்கம். அதாவது இந்தத் தேதிக்கு முன்னாடி நிச்சயம் கிடையாது. பின்னாடி எப்போ வேணும்னாலும் இருக்கலாம்.

எவ்வளவு நேர்மையான வார்த்தை பாருங்க! நம்ம ஆபீஸ் மெயிலிலும், பில்டர் பிரசுரத்திலும் இந்த வார்த்தை இருக்காது. ஆனா அங்கே இருக்கிற தேதிகளும் பெரும்பாலும் "நெட்" தேதிகள்தான்.

சில பெரிய உதாரணங்கள்:

- ஃபால்கன் ஹெவி: 2011-ல் அறிவித்தபோது 2013 என்று பேச்சு. பறந்தது 2018 பிப்ரவரி 6.
- வல்கன்: 2015-ல் அறிவிப்பு, இலக்கு 2019. பறந்தது 2024 ஜனவரி 8.
- நியூ க்ளென்: 2016-ல் அறிவிப்பு, 2020-க்குள் என்றார்கள். பறந்தது 2025 ஜனவரி 16.
- ஏரியன் 6: இலக்கு 2020. பறந்தது 2024 ஜூலை 9.

வல்கனும் நியூ க்ளென்னும் சொன்ன காலத்தைப் போல இரண்டு மடங்கு எடுத்திருக்கு. ஃபால்கன் ஹெவி மூணு மடங்கையும் தாண்டிடுச்சு. இவங்க யாரும் கத்துக்குட்டிகள் இல்லை. பணமும் அனுபவமும் இருக்கிறவங்க. அவங்களுக்கே இப்படின்னா, "ஆறு மாசத்துல ப்ரமோஷன்" என்று உங்க மேனேஜர் சொல்றதை எப்படி எடுத்துக்கணும்? பொய் சொல்றார்னு அர்த்தம் இல்லை. அது "நெட்" தேதி, அவ்வளவுதான்.

தள்ளிப்போடுவது தோல்வி இல்லை

கடைசி நேரத்தில் அன்றைய முயற்சியை நிறுத்துவதை "ஸ்க்ரப்" என்பார்கள். புதுசா பார்க்கிறவங்களுக்கு எரிச்சலா இருக்கும். லீவு போட்டு, அலாரம் வெச்சு எழுந்தா, மேகம் சரியில்லைன்னு நிறுத்திடுவாங்க. 2022 ஜனவரியில் ஒரு ஃபால்கன் 9, தடை செய்யப்பட்ட கடல் பகுதிக்குள் ஒரு சுற்றுலாக் கப்பல் வந்துவிட்டதால் நின்றது. மறுநாள் ஒழுங்கா போய்ச் சேர்ந்தது.

நம்ம சென்னையைச் சேர்ந்த அக்னிகுல் காஸ்மோஸை எடுத்துக்கோங்க. ஐஐடி மெட்ராஸில் வளர்ந்த நிறுவனம். ஸ்ரீஹரிகோட்டாவில் சொந்தமா ஏவுதளம் அமைச்சு, 3டி பிரிண்ட் செய்த எஞ்சினோட ஒரு சோதனை ராக்கெட்டைத் தயார் பண்ணினாங்க. நாலு முறை நிறுத்தினாங்க. நாலாவது முறை கடைசி நொடிகளில் நின்றது. "இவங்களால முடியாது போல" என்று பேசியவங்களை நானே பார்த்திருக்கேன். 2024 மே 30 காலையில் அஞ்சாவது முயற்சி. பறந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. எந்தெந்தக் காரணத்துக்கு நிறுத்தணும் என்பதை ஏவுகிற அன்னைக்கு உட்கார்ந்து யோசிக்க மாட்டாங்க. முன்னாடியே, யாரும் பரபரப்பில் இல்லாத நேரத்தில், எழுதி வெச்சிருப்பாங்க. காற்று இவ்வளவுக்கு மேல் இருந்தா இல்லை, மேகம் இப்படி இருந்தா இல்லை. அன்னைக்கு லட்சம் பேர் பார்த்துக்கிட்டு இருந்தாலும், பட்டியலில் ஒன்று தவறினா "இல்லை" தான்.

நீங்க வீடு புக் பண்ணப் போகும்போது உங்க கையில் அப்படி ஒரு பட்டியல் இருக்கா? "இன்னைக்கு டோக்கன் போட்டா மட்டும்தான் இந்த ரேட்" என்று சேல்ஸ் ஆள் சொல்லும்போது யோசிக்க முடியாது சார். அதுக்கு முந்தின வாரமே எழுதி வெச்சிருக்கணும்.

பழைய ராக்கெட்டை எப்போ நிறுத்துவது?

இது வேலை மாறப் போறவங்களுக்கு. ஐரோப்பாவின் ஏரியன் 5 தன் கடைசிப் பயணத்தை 2023 ஜூலையில் முடித்தது. அதுக்குப் பதிலா வர வேண்டிய ஏரியன் 6 பறக்க மேலும் ஒரு வருஷம் ஆச்சு. இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பா தன் சொந்த கலிலியோ வழிகாட்டி செயற்கைக்கோள்களையே அமெரிக்க ஃபால்கன் 9-ல் காசு கொடுத்து அனுப்ப வேண்டியதாச்சு.

வாய்மொழி ஆஃபரை நம்பி பேப்பர் போட்டவங்க, ஜாயினிங் தேதி மூணு தடவை தள்ளிப்போய் வீட்டில் உட்கார்ந்திருந்த கேம்பஸ் பசங்க... இவங்க கதையும் இதேதான். கையெழுத்தான ஆஃபர் லெட்டர் வராமல் பழைய வேலையை விடாதீங்க. வந்த பிறகும் இடையில் மூணு மாதம் காலியா போகலாம் என்றே கணக்குப் போடுங்க.

கம்பெனியைக் கொல்வது தாமதம் இல்லை, காலி கஜானா

இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான இடம்.

வர்ஜின் ஆர்பிட் என்று ஒரு நிறுவனம். விமானத்தின் இறக்கையிலிருந்து ராக்கெட் ஏவும் தொழில்நுட்பம். நாலு முறை வெற்றிகரமாகச் சுற்றுப்பாதைக்குப் போயிருக்காங்க. 2021 டிசம்பரில் பங்குச்சந்தைக்கு வந்தாங்க. இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து 2022-லேயே நடக்க வேண்டிய பயணம் தள்ளித் தள்ளி 2023 ஜனவரி 9-ல் நடந்து, தோல்வியில் முடிந்தது. காரணம், எரிபொருள் பாதையில் ஒரு சின்ன வடிகட்டி இடம் மாறியது. அடுத்த ஏவுதல் வரை தாங்கப் பணம் இல்லை. மார்ச் கடைசியில் சுமார் 675 ஊழியர்களுக்கு வேலை போச்சு. ஏப்ரல் 4-ல் திவால் மனு.

இதோட ஸ்பேஸ்எக்ஸை ஒப்பிடுங்க. அவங்க முதல் ராக்கெட் ஃபால்கன் 1, 2006, 2007, 2008 என மூணு முறை தோற்றது. ஆனா நாலாவது முறைக்குப் பணம் மிச்சம் இருந்தது. 2008 செப்டம்பர் 28-ல் ஜெயிச்சாங்க. மூணே மாதத்தில் நாசாவின் 1.6 பில்லியன் டாலர் ஒப்பந்தம். தோல்வி எண்ணிக்கையில் பார்த்தா ஸ்பேஸ்எக்ஸ்தான் மோசம். ஆனா இன்னொரு முயற்சிக்கு அவங்க கையில் காசு இருந்தது.

இதையே தொழிலில் "ரன்வே" என்பார்கள். இப்போ வருமானம் நின்னா, கையில் இருக்கிற பணம் எத்தனை மாதம் ஓடும்?

உங்க ரன்வேயைப் போட்டுப் பார்க்கலாம். கையில் வரும் சம்பளம் 55,000 என்று வைங்க. வாடகை 14,000, ஊருக்கு அனுப்புவது 8,000, பைக் ஈஎம்ஐ 6,000, சாப்பாடு போக்குவரத்து 12,000, இன்ஷூரன்ஸ் போன்றவை 2,000. மொத்தம் 42,000. சேவிங்ஸ் கணக்கிலும் எஃப்டியிலும் சேர்த்து 1,26,000 இருக்கு. அப்போ ரன்வே மூணு மாதம்.

"வேலை போனா ரெண்டு மாசத்துல வேற வேலை கிடைச்சிடும்" என்று நீங்க நினைக்கிறீங்க. அது "நெட்" தேதி. வல்கன் கணக்கில் இரண்டு மடங்கு போடுங்க: நாலு மாதம். ஒரு மாதச் செலவு, 42,000 ரூபாய் குறையுது. அந்த ஒரு மாதம்தான் கிரெடிட் கார்டுக்குள் தள்ளும். என்னைத் தள்ளியது அதுதான்.

"அப்போ ஸ்பேஸ் பங்கு வாங்கலாமா ப்ரோ?"

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். ஆஸ்ட்ரா கதையைக் கேளுங்க. 2021 ஜூலையில் சுமார் 2 பில்லியன் டாலர் மதிப்பில் சந்தைக்கு வந்த ராக்கெட் நிறுவனம். 2023-ல் 15 பங்கை ஒரே பங்காக மாத்தினாங்க. 2024-ல் அந்த ஒரு பங்கை 50 சென்ட் கொடுத்து நிறுவனர்களே வாங்கிட்டாங்க. ஆரம்பத்தில் 10 டாலர் வீதம் 15 பங்கு, 150 டாலருக்கு வாங்கியவருக்குத் திரும்பி வந்தது அரை டாலர்.

ராக்கெட் லேபும் 2021-ல்தான் சந்தைக்கு வந்தது. அவங்க நியூட்ரான் ராக்கெட் 2024-ல் பறக்கும் என்றாங்க. 2025 முடிந்தும் பறக்கல. ஆனா சின்ன ராக்கெட்டான எலக்ட்ரான் தொடர்ந்து பறந்து சம்பாதிச்சுக்கிட்டே இருந்தது. 2024 ஏப்ரலில் 4 டாலருக்குக் கீழே இருந்த பங்கு, அந்த வருஷக் கடைசியில் 20 டாலரைத் தாண்டியது. ரெண்டு பேருமே தேதியைத் தள்ளினாங்க. காத்திருக்க வருமானம் இருந்தது ஒருத்தருக்குத்தான். (இது பங்குப் பரிந்துரை இல்லை, தயவுசெய்து நாளைக்கே போய் வாங்கிடாதீங்க.)

ஒரு ஆடிட்டரா இன்னொன்று சொல்லணும். அமெரிக்கப் பங்கு ஒன்றே ஒன்று வாங்கியிருந்தாலும் ஐடிஆர்-1 போட முடியாது. ஐடிஆர்-2 அல்லது உங்களுக்குப் பொருந்தும் வேற படிவத்தில், ஷெட்யூல் எஃப்ஏ என்ற வெளிநாட்டுச் சொத்துப் பகுதியை நிரப்பியே ஆகணும். நஷ்டத்தில் இருந்தாலும் காட்டணும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

1. உங்க வாழ்க்கையில் இருக்கிற தேதிகளை எழுதுங்க: போனஸ், இன்க்ரிமென்ட், ஃபிளாட் சாவி, ஆன்சைட். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "நெட்" என்று எழுதுங்க. பணம் கணக்கில் விழும் வரை அதை நம்பி ஒரு ஈஎம்ஐயும் ஆரம்பிக்காதீங்க.

2. ரன்வே எத்தனை மாதம்னு கணக்குப் போடுங்க. மூணுக்குக் கீழே இருந்தா, புது எஸ்ஐபிக்கு முன்னாடி இதை ஏத்துங்க. இலக்கு ஆறு மாதம்.

3. ஃபிளாட் வாங்கறீங்களா? சாவி வரும் வரை வாடகையும் ப்ரீ-ஈஎம்ஐயும் சேர்ந்தே ஓடும். பில்டர் சொன்ன காலத்தை இரண்டு மடங்காக்கி, அது வரை ரெண்டையும் கட்ட முடியுமான்னு பாருங்க. முடியாதுன்னா, ஸ்க்ரப். ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கிட்டவங்களுக்கு: ஒப்பந்தத் தேதி தாண்டினா, தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்க ரெரா சட்டத்தின் 18-வது பிரிவு உரிமை தருது.

4. பெரிய செலவுக்கு முன் உங்க "இல்லை" பட்டியலை இப்பவே எழுதி, வீட்டில் ஒருத்தர்கிட்ட கொடுத்து வைங்க. எங்க வீட்டில் அது அம்மாகிட்ட இருக்கு. போன வருஷம் ஒரு கார் அவங்க கையாலதான் ஸ்க்ரப் ஆச்சு!

கார்டு பாக்கியை நான் 2021-ல் முழுசா அடைச்சேன். அப்புறம் ஆறு மாத ரன்வேயைச் சேர்க்க இன்னும் ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரு வருஷத்தில் முடிச்சிடலாம்னுதான் ஆரம்பிச்சேன். ஆமாம், அதுவும் இரண்டு மடங்குதான்.

உங்க ரன்வே எத்தனை மாதம்? கமெண்ட்டில் எண்ணை மட்டும் போடுங்க, சம்பளம் சொல்ல வேண்டாம். அடுத்த வீடியோவில் சந்திப்போம். எந்தத் தேதின்னு கேட்காதீங்க, அதுவும் "நெட்" ஞாயிற்றுக்கிழமை!