‘குதி... குதி...’ என்று கூட்டம் கத்தும்போது! - ஹவாய் பாறையில் ஒரு முதல் குதிப்பு

சூரியன் கடலுக்குள் இறங்கும் நேரம். ஹவாயின் மாவி தீவில், கானாபலி கடற்கரையின் வடக்கு முனையில் ஒரு கறுப்பு எரிமலைப் பாறை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதை ‘பிளாக் ராக்’ என்று அழைக்கிறார்கள். கையில் தீப்பந்தத்தோடு ஒருவர் பாறை மீது ஏறுகிறார். வழியில் உள்ள பந்தங்களை ஒவ்வொன்றாக ஏற்றுகிறார். உச்சியை அடைந்ததும் கையில் இருப்பதைக் கடலில் வீசிவிட்டு, தானும் பாய்கிறார்.

மணலில் உட்கார்ந்து கைதட்டும் கூட்டத்தில் சிலருக்கு அந்த நிமிடமே ஆசை பிறந்துவிடும். ‘நாமும் குதித்துப் பார்த்தால் என்ன?’

மறுநாள் காலை, அதே பாறையில் வரிசை நிற்கிறது.

அரசன் குதித்த பாறை

இறந்தவர்களின் ஆன்மா இந்தப் பாறையிலிருந்து பாய்ந்துதான் முன்னோர்களிடம் போய்ச் சேருகிறது என்பது ஹவாய் மக்களின் பழைய நம்பிக்கை. உயிரோடு இருப்பவர்கள் அங்கே குதிக்க அஞ்சினார்கள். 18-ம் நூற்றாண்டில் மாவியை ஆண்ட கஹெகிலி என்ற அரசன் துணிந்து குதித்தான் என்று கதை சொல்கிறார்கள்.

பக்கத்துத் தீவான லானாயிலும் அவன் பெயரில் ஒரு பாறை முனை உண்டு. உயரம் 60 அடிக்கு மேல். தன் வீரர்களின் துணிச்சலையும் விசுவாசத்தையும் சோதிக்க, அங்கிருந்து அவர்களைக் குதிக்கச் சொன்னானாம் கஹெகிலி. கீழே பாறைத் திட்டு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தாண்டி விழ வேண்டும்.

இந்தக் கலைக்கு அவர்கள் மொழியில் ‘லெலே காவா’ என்று பெயர். கால் முதலில் இறங்க வேண்டும். தண்ணீர் அதிகம் தெறிக்கக் கூடாது. எவ்வளவு சத்தமில்லாமல் கடலுக்குள் போகிறார் என்பதில்தான் பெருமை.

தண்ணீர் மெத்தை அல்ல!

இந்தப் பழைய விதிக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. 3 மீட்டர் உயரத்திலிருந்து குதிப்பவர், மணிக்குச் சுமார் 28 கி.மீ. வேகத்தில் தண்ணீரைத் தொடுவார். 10 மீட்டர் என்றால் சுமார் 50 கி.மீ. அந்த வேகத்தில் வயிறோ முதுகோ தட்டையாக மோதினால், பலமாக அடி விழும். விலா எலும்பும் முதுகெலும்பும்கூடக் காயப்படலாம்.

2013 முதல் உலக நீச்சல் சாம்பியன்ஷிப்பில் உயரக் குதிப்பும் ஒரு போட்டி. ஆண்களுக்கு 27 மீட்டர், பெண்களுக்கு 20 மீட்டர். காற்றில் எத்தனை பல்டி அடித்தாலும், அவர்களும் தண்ணீரில் கால் முதலில்தான் இறங்குகிறார்கள். கீழே உதவிக்கு நீச்சல் வீரர்கள் தயாராக மிதக்கிறார்கள்.

உலக வீரர்களே அப்படி என்றால், முதல்முறை குதிப்பவர் தலைகீழாகப் பாய நினைக்கவே கூடாது.

ஏறும் முன்பு இறங்குங்கள்

விவரம் தெரிந்தவர்கள் முதலில் பாறையில் ஏற மாட்டார்கள், தண்ணீரில் இறங்குவார்கள். நீச்சல் கண்ணாடி அணிந்து, விழப்போகும் இடத்தில் ஆழம் எவ்வளவு, அடியில் பாறை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். திரும்பக் கரையேற வழி எது என்பதையும் முடிவு செய்வார்கள். ஊர்க் கிணற்றில் குதித்துப் பழகியவர்களும் இதை மறக்கக் கூடாது. கிணற்றுத் தண்ணீர் அசையாமல் இருக்கும், கடல் அப்படியல்ல. அலை வடியும் நொடியில் ஆழம் குறைந்துவிடும். நேற்று அமைதியாக இருந்த இடம் இன்று கொந்தளிக்கலாம்.

முதல் குதிப்புக்கு 3 மீட்டர் உயரமே தாராளம். பார்வை நேரே, தொடுவானத்தில் இருக்கட்டும். கீழே குனிந்து பார்த்தால் உடம்பு முன்னால் சாய்ந்துவிடும். கால்கள் ஒட்டியிருக்க, கைகளை உடம்போடு ஒட்டி வைத்து, விறைப்பாக இறங்க வேண்டும். கைகளை விரித்தால் தோள்பட்டை விலகலாம். மது அருந்தியிருந்தால் பாறைப் பக்கமே போகக் கூடாது. தனியாகவும் குதிக்கக் கூடாது.

திரும்பி நடப்பதும் துணிச்சலே

இத்தனையும் தெரிந்துகொண்டு ஏறினாலும், விளிம்பில் நின்றதும் கால் நடுங்கும். பின்னால் வரிசை காத்திருக்கிறது. கீழே நண்பர்கள் செல்போனை உயர்த்திப் பிடித்திருக்கிறார்கள். ‘குதி... குதி...’ என்று தெரியாதவர்களும் கத்துகிறார்கள்.

கஹெகிலியின் வீரர்களுக்கு மறுக்க வழியில்லை, சொன்னவன் அரசன். இன்று குதிக்கச் சொல்வது வெறும் கூட்டம். அலை சரியில்லை என்று தோன்றினாலோ, மனம் ஒப்பவில்லை என்றாலோ, ‘நான் இறங்குகிறேன்’ என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பலாம். அந்தக் கேலி மாலைக்குள் மறந்துபோகும். உடைந்த முதுகெலும்பு ஆயுள் முழுக்க வலிக்கும்.

எல்லாம் சரியாக இருக்கிறதா? அப்படியானால் ஒரு மூச்சு, ஓர் அடி. 3 மீட்டரைக் கடக்க ஒரு நொடிகூட ஆகாது. காதுக்குள் தண்ணீர் இரைந்து அடங்கும்போது தலை மேலே வந்திருக்கும். உப்புக் கரிக்கும் வாயோடு சிரித்தபடி கரைக்கு நீந்துபவர், தண்ணீர் எவ்வளவு தெறித்தது என்று நண்பர்களிடம் கேட்கட்டும். ‘கொஞ்சம்தான்’ என்று பதில் வந்தால், அந்தத் தீவின் பழைய பாடத்தை அவர் சரியாகக் கற்றுக்கொண்டார் என்று அர்த்தம்.