ஒரே ஒரு ஓட்டு!

"நான் ஒரு ஆள் ஓட்டுப் போடாவிட்டால் என்ன குறைந்துவிடும்?" என்று வீட்டில் யாராவது சொன்னால், இந்த உண்மைச் சம்பவத்தைச் சொல்லுங்கள்.

2008ம் ஆண்டு, ராஜஸ்தான் மாநிலச் சட்டசபைத் தேர்தல். நாத்துவாரா தொகுதியில் கல்யாண் சிங் சௌகான் பெற்ற ஓட்டுகள் 62,216. அவரை எதிர்த்து நின்ற சி.பி.ஜோஷி பெற்றது 62,215. ஒரே ஓட்டில் தோற்றுப் போனார் ஜோஷி! இத்தனைக்கும் அவர் தம் கட்சியின் மாநிலத் தலைவர்.

முன்பெல்லாம் நம் நாட்டில் 21 வயது ஆனால்தான் ஓட்டுப் போடலாம். 1989ல் அது 18 ஆகக் குறைந்தது. ஆனால், 18 வயதானதும் ஓட்டு தானாக வந்துவிடாது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அதற்குப் படிவம் 6ஐ நிரப்பித் தர வேண்டும். 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். 18 நிறைந்ததும் பெயர் சேர்க்கப்படும்.

உங்களுக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. பிளஸ் டூ படிக்கும் அக்காவுக்கும் அண்ணனுக்கும்? "படிவம் கொடுத்தாச்சா?" என்று இன்றே கேளுங்கள். தேர்தல் நாளன்று மாலையில் அப்பா, அம்மாவின் இடது கை ஆள்காட்டி விரலைப் பாருங்கள். மை இல்லையா? நாத்துவாரா கதையை மறுபடியும் சொல்லுங்கள்!