முரசு மட்டும் பேசினால்?

பாட்டும் இல்லாமல், மெட்டும் இல்லாமல், முரசையே முன்னே நிறுத்தி ஓர் இசைப்படைப்பை உருவாக்க முடியுமா? இங்கிலாந்தின் 'பிங்க் ஃபிளாய்ட்' குழுவினர் 1969ஆம் ஆண்டில் இதைச் செய்து பார்த்தனர்.

கனவில் மிதப்பது போன்ற உணர்வைத் தரும் புதுப்புது ஒலிகளைத் தேடிய இசைக்குச் 'சைகடெலிக் ராக்' என்று பெயர். அதில் புகழ்பெற்ற இக்குழுவினர் 'உம்மகும்மா' என்ற இரட்டை இசைத்தட்டை வெளியிட்டனர். அதன் இரண்டாம் தட்டில் நால்வரும் ஆளுக்கு அரைப்பக்கம் பகிர்ந்துகொண்டனர். முரசு வாசிக்கும் நிக் மேசன் அமைத்தது 'தி கிராண்ட் விசியர்ஸ் கார்டன் பார்ட்டி'. தொடக்கத்திலும் முடிவிலும் புல்லாங்குழல். இடையே ஏறத்தாழ 7 நிமிடங்கள் தாளக் கருவிகளின் ஆட்சி!

இதில் என்ன கடினம்? வீணைத் தந்தி ஒன்று விநாடிக்கு 100 முறை அதிர்ந்தால், அதனுடன் 200, 300, 400 என்ற மேற்சுரங்களும் எழுகின்றன. இவை முழு மடங்குகள். ஆகவே நம் செவி அவற்றை ஒரே சுரமாக உணர்கிறது. முரசின் தோலோ தந்தியைப் போல நீளவாக்கில் மட்டும் அதிர்வதில்லை. பரப்பு முழுவதும் அதிர்கிறது. அடிப்படை அதிர்வு 100 என்றால் மற்றவை ஏறத்தாழ 159, 214, 230 என வரும். இவை முழு மடங்குகள் அல்ல. எனவே தெளிவான சுரம் பிறப்பதில்லை. மிருதங்கத்தின் நடுவிலுள்ள கருநிறப் பூச்சு இக்குறையைப் போக்குகிறது. இத்தகைய முரசுகளின் மேற்சுரங்களைப் பற்றிச் சர் சி.வி. இராமன் 1920இல் எழுதினார். மேசனின் முரசுகளில் அப்பூச்சு இல்லை.

அவருக்குக் கைகொடுத்தது காந்த ஒலிநாடா. அக்காலத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் நாடா பெரும்பாலும் விநாடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடியது. அதாவது, ஒரு விநாடி ஒலி 38 சென்டிமீட்டர் நீளமுள்ள பொருளாகிவிட்டது! அதைக் கத்தரிக்கலாம், ஒட்டலாம், ஒன்றின்மேல் ஒன்றாகப் பதியலாம். நாடாவைப் பாதி வேகத்தில் ஓட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும். நேரம் இரு மடங்காகும். மேசன் தம் ஒலிகளை வெட்டி ஒட்டி, இடப்பக்க ஒலிபெருக்கிக்கும் வலப்பக்க ஒலிபெருக்கிக்கும் மாறிமாறி ஓடவிட்டார்.

இது வெற்றியா? பின்னாளில் குழுவினரே இத்தட்டை அவ்வளவாக மெச்சவில்லை. ஆனால் சோதனை வீண் போகவில்லை. 1973இல் அவர்கள் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஓர் இதயத் துடிப்புடன் தொடங்குகிறது. அத்துடிப்பு எதிலிருந்து வந்தது தெரியுமா? மெத்தென்று திணிப்பு வைத்த ஒரு முரசிலிருந்து!